ஊடுவழி

கொழிஞ்சாம்பாறையில் இரவு ஒன்றே முக்கால்.
கணவாய்க் காற்று மாடித் தகரத்தைத்
தூக்கித் தூக்கிப் போடுகிறது.
வலையை மேய்க்கும் சேவை
என் திரையில் விழித்திருக்கிறது:
இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் பெட்டிகள்,
தென்னையில், கம்பத்தில், கள்ளுக்கடைச் சுவரில்,
ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் பொட்டு.
எல்லாவற்றின் சாவியும் இதனிடம்.
எந்த வீடு எவ்வளவு இழுத்தது,
பணம் கட்டாத வடகரப்பதி வாத்தியாரை
எந்த நிமிடம் துண்டிப்பது,
எல்லாம் தெரியும்.

யாரோ ஒருவன் நேற்று
அதனிடம் ஒரு கோப்பு கேட்டிருக்கிறான்.
பெட்டிகள் தினமும் கேட்பதுதான்,
புது மென்பொருள் வந்ததா என்று.
இவன் கேட்ட முகவரி மட்டும் நீளம்.
நடுவில்
புள்ளி புள்ளி சாய்கோடு
புள்ளி புள்ளி சாய்கோடு
புள்ளி புள்ளி சாய்கோடு.

ஒரு ஜோடிப் புள்ளிக்கு ஒரு படி மேலே.
மூன்றாம் படியில்
கிட்டங்கியை விட்டு வெளியேறி
முதலாளி மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டான்.
சேவை 'இருநூறு' என்று பதில் எழுதியிருக்கிறது.
எங்கள் தொழிலில் இருநூறு என்றால்
சரி, எடுத்துக்கொள்.

காவல் இல்லாமல் இல்லை.
முகவரியின் முதல் சொல் கிட்டங்கியா என்று
பார்த்துத்தான் விடுகிறது.
வேலந்தாவளம் சோதனைச் சாவடி மாதிரி:
லாரியை நிறுத்து, தார்ப்பாயைத் தூக்கு, சீட்டைக் காட்டு.
ரேஷன் அரிசியோ
நாலு தோப்பு தள்ளி, விளக்கணைத்த மொபெட்டில்
இக்கரை வந்து பெயர் மாற்றிக்கொள்கிறது.

காஜா ஹுசைன் போனில் கேட்டான்:
"பெட்டியெல்லாம் கழட்டட்டுமாக்கா?"
எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்து,
கழற்றி மாட்டுவது.
பெட்டியில் கோளாறு இல்லை என்றேன்.
"பின்ன?"
வரிசையில்.
"எதில?"
காற்று மீதியைத் தின்றுவிட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி சோதிக்கிறது.
முந்நூற்றுப் பதினாறாம் வரி விரிக்கிறது.
சுருட்டிய பாயைத் தடவிப் பார்த்து
உள்ளே விட்டுவிட்டு
பிறகு விரித்தால்
அதில் படுத்திருந்தவன் எழுந்து நடக்கமாட்டானா?

எழுதிய கை யாருடையது என்று தேடினேன்.
ஓரத்தில் செ.மே.
செல்வமேரி.
நான்.

மூன்று வருடம் முன்பு, எடவப்பாதி மழை.
மீனாட்சிபுரம் முழுக்க இருட்டு.
பிரஜீஷ் சார் இரண்டு போனிலும் மலையாளத்தில் கத்துகிறார்.
எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
ஓடியது, போதும் என்று வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
குறிப்பு மட்டும் இருக்கிறது, என் எழுத்தில்:
'பிறகு பார்க்கலாம்.'

பார்க்கிறேன்.
முதலில் விரி, பிறகு சோதி.
ஒரு வரி நாலு வரி மேலே ஏறியது, அவ்வளவுதான்.

இரண்டு நாற்பதுக்கு அவன் வந்தான்.
அதே புள்ளிகள். நானூற்று மூன்று.
மறுபடி. நானூற்று மூன்று.
மூன்றாம் முறை வேடம்,
புள்ளி இருந்த இடத்தில் சதவீதக் குறி, இரண்டு, ஈ.
விரித்தது, பிடித்தது.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
நான்காம் முறை வேடத்தின் மேல் வேடம்,
சதவீதக் குறியே இன்னொரு சதவீதக் குறி உடுத்தி.
ஒருமுறை உரித்தும் துணி மிச்சம்.
இருநூறு.

எழுந்து போய்
சர்வரின் கம்பியைப் பிடுங்கினேன்.
காஜாவின் மருந்து.

மேய்ப்பவன் இல்லாமலும் ஊரில் இணையம் ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை.
நான் எழுதினேன்:
விரி. மடிப்பு மிச்சமா? விரி. இன்னுமா? விரி.
எப்படி வந்தாய் என்று கேட்காதே,
எங்கே வந்து நிற்கிறாய் என்று பார்.
அது கிட்டங்கிக்குள் என்றால் மட்டும் கொடு.

மாட்டும்போது மூன்றரை.
பொட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பச்சைக்கு வந்தன.
எருத்தேம்பதியில் ஒன்று சிவப்பு.
அது திருடன் இல்லை,
அந்தத் தோப்புக்காரர் கரண்டு பில்லுக்குப் பயந்து
பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பார்.

அவன் எதையெல்லாம் எடுத்துப் போனான்,
முழுதாய் எனக்குத் தெரியாது.
விடிந்தால் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் சாவி மாற்றவேண்டும்.
காஜாவிடம் சொல்லவேண்டும்,
கழற்ற ஒன்றும் இல்லை,
எருத்தேம்பதியில்
மாட்ட மட்டும் ஒன்று உண்டு.